மரண அறையும் மருத்துவர் ஊசியும்

நோய் முற்றி இனித் தேறாது என்றான வளர்ப்பு நாயையோ பூனையையோ, அது பழகிய வீட்டிலேயே, வீட்டார் அருகிருக்க, கால்நடை மருத்துவர் ஊசி மருந்து செலுத்தி வலியின்றி இறக்கச் செய்யும் வழக்கம் இன்று மேலைநாட்டு நகரங்களில் தனித்தொழிலாகவே வளர்ந்து நிற்கிறது; இந்தியப் பெருநகரங்களிலும் மெல்லப் பரவி வருகிறது. செல்லப் பிராணியின் மீது வைத்த பாசம் முதிர்ந்து இந்த வழக்கம் தோன்றியது என்று கொள்வது இயல்பே. ஆனால் விலங்குக்கு வலியில்லாத சாவு வேண்டும் என்ற எண்ணமும், அதற்கான கருவிகளும் முறைகளும் முதன்முதலில் உருவாக்கப்பட்டது தெருவில் திரிந்த, உரிமை கோர ஆளில்லாத நாய்களுக்காக. அவற்றை ஆயிரக்கணக்கில் ஒழிக்க முற்பட்ட நகர நிர்வாகங்களுக்கும், அந்த ஒழிப்பின் கொடூரத்தைத் தாங்கமாட்டாத அறச்சங்கங்களுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டிலேயே ‘கருணைக்கொலை’ என இன்று வழங்கும் செயல் வடிவம் பெற்றது. வளர்ப்பு நாய் அந்த ஏற்பாட்டுக்குள் பிறகுதான் வந்து சேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், வேண்டாத நாயின் முடிவு கயிறு, துப்பாக்கி, ஆறு ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருந்தது. சீமான் வீட்டு வேட்டை நாயை வேலைக்காரன் சுட்டான். ஏழை வீட்டுப் பூனைக்குட்டிகள் வாளித் தண்ணீரில் அமிழ்த்தப்பட்டன. நகரத் தெருநாய்களுக்கு இதே முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. நியூயார்க் நகரில், பிடிபட்ட நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து, பாரந்தூக்கியால் உயர்த்தி, கிழக்கு ஆற்றுக்குள் இறக்கி, சில நிமிடங்கள் கழித்து மேலே எடுப்பது நகராட்சியின் அன்றாடப் பணிகளில் ஒன்றாக இருந்தது. 1877ஆம் ஆண்டுக் கோடையில் ஒரே நாளில் 700க்கும் மேற்பட்ட நாய்கள் இவ்வாறு கொல்லப்பட்டன. 1894இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் அந்தப் பொறுப்பை நகராட்சியிடமிருந்து ஏற்றுக்கொண்டு, கூண்டுக்குப் பதிலாக நச்சுவாயுவைப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே ஆற்றில் அமிழ்த்தும் முறை ஓய்ந்தது. வதையைத் தடுக்கவென்று தோன்றிய ஒரு சங்கமே கொல்லும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது முரணாகத் தோன்றலாம். எப்படியும் நடக்கப்போகும் கொலையைக் குறைந்த வேதனையோடு நடத்துவதே தங்களால் ஆகக்கூடியது என்பது அவர்கள் தரப்பு.

இதே நிலைக்கு லண்டன் பத்து ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. 1860இல் மேரி டீல்பி என்ற பெண்மணி, காணாமற்போன, பசியால் வாடிய நாய்களுக்கென ஹாலோவே பகுதியில் ஒரு புகலிடம் தொடங்கியபோது, மனிதர்க்கே கூரையில்லாத ஊரில் நாய்க்கு விடுதியா என்று பத்திரிகைகள் நகைத்தன. 1871இல் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள பாட்டர்சீக்குப் பெயர்ந்த அந்தப் புகலிடம், காவல்துறை பிடித்துவரும் தெருநாய்களின் சேர்விடமாக மாறியது. வெறிநாய்க்கடி பற்றிய பீதி ஓங்கிய ஆண்டுகளில் நாய்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. உரியவரோ புதியவரோ வந்து கொண்டுபோனவை சில, மீந்தவை மிகப் பல. மீந்தவற்றைக் கொல்லப் பயன்பட்டது ப்ரஸ்ஸிக் அமிலம் எனப்படும் கடுநஞ்சு. அது விரைவானது, ஆனால் நாய் ஒவ்வொன்றையும் பிடித்து வாயில் புகட்ட வேண்டியிருந்ததால், கொல்வோருக்கும் சாவதற்கும் ஒருசேரத் துன்பமாக இருந்தது.

இதற்கு மாற்றுக் கண்டவர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர். மயக்க மருந்துகளை ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். நோயே அண்டாத ஒரு கற்பனை நகரத்துக்குத் திட்டம் வரைந்து புகழ்பெற்ற சுகாதாரச் சிந்தனையாளர். 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவ வேதனையைத் தணிக்கக் கையாண்ட குளோரோஃபார்ம், மனிதனின் வலியை மருத்துவத்தால் அடக்கலாம் என்று காட்டியிருந்தது. அந்த அறிவை விலங்கின் சாவுக்குப் பயன்படுத்தினார் ரிச்சர்ட்சன். 1884ஆம் ஆண்டு மே மாதம் பாட்டர்சீயில் இயங்கத் தொடங்கிய அவருடைய ‘மரண அறை’, இரட்டைச் சுவர் கொண்ட ஒரு மரக் கட்டமைப்பு. வெப்பநிலை மாறாதிருக்கச் சுவர்களின் இடைவெளியில் மரத்தூள் அடைக்கப்பட்டிருந்தது. முதலில் மயக்க ஆவி கலந்த வாயுவால் அறையை நிரப்பிவிட்டு, அடுக்கடுக்கான தட்டுகளில் நாய்களை ஏற்றிய சக்கரக் கூண்டொன்றைத் தண்டவாளத்தின்மேல் உள்ளே தள்ளிக் கதவை மூடுவார்கள். நாய்கள் முதலில் உறங்கின, உறக்கத்திலேயே இறந்தன. உணர்வு போன பிறகே உயிர் போகவேண்டும் என்ற வரிசைமுறை அங்கேதான் ஒரு தொழில்நுட்ப விதியாக நிலைபெற்றது. இன்றைய மருத்துவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஊசிகளை அடுத்தடுத்துப் போடும்போது கடைப்பிடிப்பதும் இதே வரிசையைத்தான்.

அறை ஒருமுறை ஏற்பட்டபின், அதன் பயன் தெருநாயோடு நிற்கவில்லை. ‘வலியற்ற சாவு’ என்பது விலைகொடுத்துப் பெறக்கூடிய சேவையாக, நடுத்தர வர்க்கத்தாரின் கிழட்டு நாய்க்கும் நோயுற்ற பூனைக்கும் படிப்படியாகக் கிடைக்கலாயிற்று. மருத்துவர்களும் சங்கங்களும் குளோரோஃபார்ம் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து மூடும் சிறு பெட்டிகளைப் பயன்படுத்தினர். அதே ஆண்டுகளில் இறந்த நாயைப் புதைக்கும் இடமும் மாறிக்கொண்டிருந்தது தற்செயலன்று. 1881இல் லண்டன் ஹைட் பூங்காவின் காவலர் குடில் தோட்டத்தில் செர்ரி என்ற மால்டீஸ் நாய்க்கு இடம் தரப்பட்டதைத் தொடர்ந்து, அங்கே நூற்றுக்கணக்கில் சின்னஞ்சிறு கல்லறைகள் எழுந்தன. பாரிஸில் அதுவரை இறந்த நாய்கள் செய்ன் நதியிலோ குப்பையிலோ எறியப்பட்டு வந்தன. வீடுகளிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, குறைந்தது ஒரு மீட்டர் மண் மூட விலங்குடலைப் புதைக்க வேண்டும் என 1898ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டதும், அடுத்த ஆண்டே பெண்ணுரிமைப் பத்திரிகையாளரான மார்கெரிட் துரானும் வழக்கறிஞர் ஜார்ஜ் ஆர்முவாவும் அஸ்னியேரில் நாய்களுக்கான இடுகாடு ஒன்றை நிறுவினர். நகர சுகாதாரம் பற்றிய கவலையும் வீட்டார் துக்கமும் இவ்வாறு ஒரே வழியில் இணைந்தன.

இவற்றிலெல்லாம் கால்நடை மருத்துவரின் பங்கு அதுவரை சிறிதே. பிரான்ஸின் லியோன் நகரில் 1761இல் குளோத் பூர்ஜெலா தொடங்கிய முதல் கல்லூரி முதலாக அந்தத் தொழில் மாட்டுக்கும் குதிரைக்கும் உரியதாகவே இருந்தது. நாய் பார்ப்பவரை மற்ற மருத்துவர்கள் சற்று இளக்காரமாகவே நோக்கினர். தெருக்களிலிருந்து குதிரை மறைந்து மோட்டார் வண்டி பெருகிய 20ஆம் நூற்றாண்டில், வருமானம் தேய்ந்த மருத்துவர்கள் வேறு வழியின்றி நாய் பூனைகள் பக்கம் திரும்பினர். மருத்துவம் எட்டாத ஏழைகளின் விலங்குகளுக்கென மரியா டிக்கின் 1917இல் லண்டன் ஒயிட்சாப்பல் பகுதியில் ஒரு நிலவறையில் தொடங்கிய இலவச மருந்தகம், பின்னர் நாடெங்கும் கிளைவிட்ட பெரும் அமைப்பாயிற்று. அந்த அமைப்புதான் அடுத்து நடந்ததன் சுமையைப் பெரிதும் தாங்கவேண்டியதாயிற்று.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் போர் அறிவித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், வான்தாக்குதல் காலத்தில் விலங்குகளைப் பேணுவதற்கென உள்துறையின் ஆதரவில் அமைந்த குழுவொன்று, உரிமையாளர்களுக்கு அறிவுரை தரும் துண்டறிக்கையை வெளியிட்டது. இயலுமானால் விலங்குகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பவோ அயலாரிடம் ஒப்படைக்கவோ வழியில்லையெனில், அவற்றைக் கொன்றுவிடுவதே கருணை என்பது அதன் சாரம். நெற்றியில் வைத்து இரும்பு முளையொன்றைப் பாய்ச்சும் கைத்துப்பாக்கிக்கான விளம்பரமும் அந்தத் தாளிலேயே இடம்பெற்றிருந்தது. அரசு ஆணை என்று எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. எவரும் வீடுதேடி வந்து நாயைப் பறித்துச் செல்லவுமில்லை. ஆயினும் அந்த முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் குறைந்தது 4 லட்சம் நாய்களும் பூனைகளும், அதாவது மாநகரில் இருந்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, உரிமையாளர்களாலேயே கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டன என வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் கணக்கிடுகிறார். மருந்தக வாசல்களில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். குளோரோஃபார்ம் தீர்ந்துபோயிற்று, இருட்டடிப்பு விதியால் எரிஉலைகளை இரவில் இயக்க முடியாமற்போனது, டிக்கினின் அமைப்பு இல்ஃபோர்டிலுள்ள தன் புல்வெளியில் பெருங்குழிகள் வெட்டிப் புதைத்தது. லண்டன் மீது குண்டுமழை பொழிந்தது அதற்கு ஓராண்டு கழித்து, 1940 செப்டம்பரில்தான்.

இந்த நிகழ்வைப் போர்ப்பீதி என்று ஒரு சொல்லில் அடக்குவோர் உண்டு, அது போதாது. அந்த மக்களில் பலர், வரப்போகும் துன்பத்துக்கு முன்பே கொன்றுவிடுவது அன்புடையோர் செய்யும் கடமை என்று நம்பும்படி ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்தனர். பாட்டர்சீ அறை தோன்றி அரைநூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ‘கருணை’ என்ற சொல்லும் ‘கொல்’ என்ற வினையும் அவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. உடலில் நோவே இல்லாத விலங்குக்கும் அது பொருந்திவிட்டது. எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. ஹாமில்டன் பிரபுவின் மனைவி நினா, ஃபெர்ன் என்ற தம் நாட்டுப்புற மாளிகையையே விலங்குகளின் அடைக்கலமாக்கினார். பாட்டர்சீ இல்லமோ அவசரப்பட வேண்டாம் என்று மக்களை வேண்டிக்கொண்டது.

வாயு அறையையும் துப்பாக்கியையும் மருத்துவர்களின் கையிலிருந்து விலக்கிய மருந்து, கொல்வதற்கென்று கண்டறியப்பட்டதன்று. ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மெரிங்கும் 1903இல் உலகுக்கு அறிவித்த பார்பிட்டால், உறக்கம் வராத மனிதர்க்கான மாத்திரை. அது உறங்கவைக்கும் என்பதை முதலில் மெய்ப்பித்தவை அவர்களுடைய ஆய்வுக்கூடத்து நாய்கள். அந்த வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த பென்டோபார்பிட்டால் 1930இல் அமெரிக்காவில் அபாட் நிறுவனத்தின் வழியே விற்பனைக்கு வந்து, முதலில் அறுவை மயக்க மருந்தாகவும், பின்னர் மிகை அளவில் இறப்பு மருந்தாகவும் கால்நடை மருத்துவத்தில் நிலைத்தது. மூளையின் அடக்கும் சமிக்ஞைகளை இது பன்மடங்கு வலுப்படுத்துவதால், இரத்தக்குழாயில் ஏறிய சில நொடிகளில் உணர்வு அறுகிறது, பின்பு மூச்சு நிற்கிறது, கடைசியாக இதயம் ஓய்கிறது. எட்டிக்காயின் சத்தான ஸ்ட்ரிக்னினில் இந்த வரிசை நேர் எதிரானது: தசைகள் வில்லாக வளைந்து இழுத்து மூச்சை அடைக்கும்வரை விலங்கு முழு உணர்வோடு இருக்கும். உலகின் பல நகராட்சிகள் தெருநாய்க்கு வைத்த நஞ்சு அதுவே. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 1963இல் வெளியிட்ட முதல் வழிகாட்டு அறிக்கையிலிருந்து இன்றுவரை, எந்த முறை ஏற்கத்தக்கது என்ற தீர்ப்பு இந்த வரிசையை வைத்தே சொல்லப்படுகிறது.

இந்தியாவில் இந்தக் கதை வேறு தளத்தில் நடந்தது. ஏனெனில் இங்கே கேள்வி, எப்படிக் கொல்வது என்பதற்கு முன்பே, கொல்லலாமா என்பதில் தொடங்கியது. 1832 ஜூன் மாதம் பம்பாயில், தலைக்கு இத்தனை அணா என்று பரிசு வைத்துக் காவல்துறை தெருநாய்களைக் கொன்றபோது பார்சிகள் திரண்டு கலகம் செய்தனர். இறந்தவரின் உடலை நாய் ஒன்று பார்த்தபின்பே இறுதிச்சடங்கு தொடரவேண்டும் என்ற ‘சக்தீத்’ நெறியைக் கைக்கொள்ளும் சமூகம் அது. மறுநாள் கடைகள் அடைபட்டன. கோட்டைக்கும் படைமுகாமுக்கும் உணவுப்பொருள் போவது தடைபட்டது. அந்தக் கொந்தளிப்பின் தொடர்ச்சியாகவே ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், அமிசந்த் ஷா ஆகியோரின் முயற்சியால் 1834இல் பம்பாய் பிஞ்சராபோல் எழுந்தது. முதிர்ந்த, முடமான, பயனற்ற விலங்குகளை அவற்றின் இயற்கையான முடிவுவரை வைத்துக் காப்பது பிஞ்சராபோல் என்னும் அமைப்பின் நோக்கம். குஜராத்தின் சமண வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த அறம் அது. அங்கே எவ்வளவு வேதனைப்பட்டாலும் விலங்கின் உயிரை மனிதன் முடித்துவைப்பதற்கு இடமில்லை.

அந்த அறத்தை அதன் தாயகத்திலேயே உரசிப் பார்த்தவர் காந்தி. 1926இல் அகமதாபாத் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் சேர்ந்த சுமார் 60 தெருநாய்களைக் கொல்லச் செய்து, மனம் உறுத்த, காந்தியிடம் வந்து கேட்டபோது, வேறென்ன செய்யமுடியும் என்ற பொருளில் அவர் விடையளித்தார். அதனால் எழுந்த கண்டனக் கடிதங்களுக்கு ‘யங் இந்தியா’ இதழில் தொடர் கட்டுரைகளாகவே மறுமொழி எழுத நேர்ந்தது. அதைவிடப் பெரிய சோதனை 1928இல் சபர்மதி ஆசிரமத்துக்குள்ளேயே வந்தது. ஆசிரமத்துக் கன்று ஒன்று முடமாகி, புரண்டு படுக்கவும் மாட்டாமல் துடித்தது. கால்நடை மருத்துவர் கைவிரித்துவிட்டார். காந்தி ஆசிரம நிர்வாகக் குழுவினரையும் அக்கம்பக்கத்தாரையும் கலந்தார். படைக்க முடியாத உயிரைப் பறிக்க எவருக்கு உரிமை என்று கேட்டவரும் அவர்களில் இருந்தார். கடைசியில் மருத்துவர் ஒருவர் வரவழைக்கப்பட்டு, காந்தியின் முன்னிலையிலேயே நச்சு ஊசி போட, இரண்டு நிமிடத்துக்குள் கன்றின் உயிர் அடங்கியது. நோயுற்ற விலங்கை அது வாழ்ந்த இடத்திலேயே, அதைப் பேணியவர் உடனிருக்க, ஊசியால் விடுவித்ததற்கு இந்திய வரலாற்றில் இதைவிட நன்கு பதிவான பழைய சான்று கிடைப்பது அரிது.

கன்றின் சாவு செய்தியாகி வெடித்தபோது, காந்தி அதை மறைக்காமல் ‘நவஜீவன்’, ‘யங் இந்தியா’ இரண்டிலும் விரிவாக எழுதினார். நோயாளியின் நன்மைக்காக மருத்துவர் கத்தி வைப்பது எப்படி வன்முறை ஆகாதோ, அப்படியே தன்னலக் கலப்பின்றி வேதனையை முடிக்கும் செயலும் ஆகாது என்பது அவர் வாதம். இதே நெறியை மனிதர்க்கும் ஏற்பீரா என்ற வினாவுக்கும் அவர் நழுவவில்லை: ஏற்பேன், எனக்கும் அது பொருந்தும் என்றார். ஆனால் மனிதரைப் பொறுத்தவரை, உதவி செய்ய ஏதேனும் வழி பெரும்பாலும் இருப்பதாலும், தம் விருப்பத்தைத் தாமே எண்ணிச் சொல்லும் ஆற்றல் அவர்களுக்கு உள்ளதாலும், அந்த நிலை அரிதாகவே நேரும் என்று வேறுபடுத்திக் காட்டினார். விலங்கால் விருப்பத்தைச் சொல்ல முடியாது என்ற இந்த ஒரே உண்மை, பிஞ்சராபோல்காரருக்குக் கொல்லாமைக்கான காரணமாகவும், காந்திக்குப் பொறுப்பை ஏற்பதற்கான காரணமாகவும் பட்டது. இன்று நாயை மடியில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கத் தயங்கும் இந்தியக் குடும்பம் ஒவ்வொன்றும், அறிந்தோ அறியாமலோ, இந்த இரு தரப்புக்கும் நடுவிலேயே நிற்கிறது.

சுதந்திர இந்தியாவின் சட்டம் இரு தரப்பையும் ஒரே ஏட்டில் வைத்துக்கொண்டது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவாக உருவான 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், இதயத்தில் ஸ்ட்ரிக்னின் ஊசி குத்திக் கொல்வதைப் பின்னர் வந்த திருத்தத்தின் வழியே குற்றங்களின் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்தது. அதே 11ஆம் பிரிவின் விதிவிலக்குகளிலோ, தெருநாய்களை ‘மரண அறைகளில்’ அழிப்பது குற்றமாகாது என்றது; ரிச்சர்ட்சனின் சொல் 76 ஆண்டுகள் கழித்து இந்தியச் சட்டப் புத்தகத்தில் அப்படியே வந்து அமர்ந்தது. 13ஆம் பிரிவு, பிழைக்க வழியின்றிக் காயமுற்ற விலங்கின் உரிமையாளர் இல்லாதபோதோ இசையாதபோதோ, கால்நடை மருத்துவரின் சான்றும் மாஜிஸ்திரேட்டின் ஆணையும் பெற்று அதைக் கொல்லலாம் என்கிறது. சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியம் ருக்மிணி தேவியின் தலைமையில் சென்னையிலிருந்து இயங்கியது. அந்தச் சென்னையிலேயே மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யலாம் என்று 1964 முதல் சொல்லிவந்ததை மாநகராட்சி ஏற்கத் தொடங்கியது 1996இல். 2001ஆம் ஆண்டு மத்திய விதிகள், தீராநோயும் உயிர்போகும் காயமும் உற்ற நாய்களுக்கு மட்டுமே கருணைக்கொலை என்று வரம்பிட்டன. ஒரு நாயின் கண்முன் இன்னொரு நாயைக் கொல்லக்கூடாது என்ற விதியும் அவற்றில் இருந்தது.

வீட்டுக்கே வரும் மருத்துவர், உண்மையில், பழைய பழக்கத்தின் மறுவருகை. மாட்டையும் குதிரையையும் பார்க்க மருத்துவர்தான் தொழுவத்துக்குப் போனார். நாயைத் தூக்கிக்கொண்டு மனிதர்கள் மருத்துவமனைக்குப் போகும் முறை, சிறு விலங்கு மருத்துவம் தனித்துறையாக வளர்ந்த பின்னர் வந்தது. அந்த மருத்துவமனையின் வாடையும் எஃகு மேசையும் கடைசி மணிநேரத்தை அச்சத்தில் ஆழ்த்துவதைக் கண்டே, 2009இல் ஃபுளோரிடாவில் டானி மெக்வெட்டி போன்ற மருத்துவர்கள் வீட்டுச் சேவையை மட்டுமே செய்யும் அமைப்புகளைத் தொடங்கினர். எப்போது என்ற கேள்விக்கும் ஒரு கருவி உண்டாயிற்று. புற்றுநோய் விலங்குகளுக்கு மருத்துவம் பார்த்த ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல், வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் மிகுதியா என்ற ஏழுக்கும் தலா பத்துக்கு மதிப்பெண் தந்து, கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் காக்கலாம் என்கிறது. துக்கத்தில் இருப்போர் கையில் மதிப்பெண் தாளைக் கொடுப்பது விந்தையாகத் தோன்றினாலும், நாய் நேற்று வாலாட்டியதை மட்டும் நினைவில் கொள்ளும் வீட்டாருக்கு அது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

செயல்முறை எளியது. முதலில் தோலுக்கடியிலோ தசையிலோ மயக்க ஊசி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாய் ஆழ்ந்து உறங்கிய பின், முன்காலில் மயிர் மழித்து வென்ஃப்ளான் எனப்படும் ஊசிக்குழாயைக் குத்தி, அதன் வழியே இறப்பு மருந்து. மற்ற மருந்துகளோடு மாறிப்போகாதிருக்க அமெரிக்கத் தயாரிப்புகளில் அதற்கு இளஞ்சிவப்போ நீலமோ நிறம் ஏற்றியிருப்பார்கள். இந்திய மருத்துவர் பலரும் தயோபென்டோனால் முழு மயக்கம் தந்தபின் பொட்டாசியம் குளோரைடையோ மக்னீசியம் சல்ஃபேட்டையோ செலுத்துகின்றனர். மயக்கமின்றி இவற்றைச் செலுத்துவது கொடுமை என்பதில் துறையினரிடையே கருத்து வேறுபாடில்லை. கண்கள் மூடாது, இறந்தபின்னும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் நெஞ்சு அசையலாம், சிறுநீர் பிரியலாம் என்பவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்ல மருத்துவரின் அடையாளம். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்ட பிறகே அவர் அறிவிப்பார். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், சட்ட விதி தெருநாய்க்குத் தடுப்பதை இங்கே அனுமதிப்பதும் உண்டு: அது வந்து முகர்ந்து பார்த்துப் போகட்டும் என விடுகிறார்கள், இல்லையேல் துணையைத் தேடிப் பல நாள் வாசலையே பார்த்துக் கிடக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

இந்த மருந்துக்கு ஒரு பின்விளைவு உண்டு. பென்டோபார்பிட்டால் உடலில் எளிதில் சிதையாது. சரியாக மூடப்படாத சடலங்களைத் தின்ற கழுகுகள் அமெரிக்காவில் மயங்கி விழுந்தும் இறந்தும் கிடந்ததை அடுத்து, 2003இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்துக் குப்பிகளில் எச்சரிக்கை வாசகம் அச்சிடவேண்டும் எனப் பணித்தது. அதனால் தோட்டத்து மரத்தடியில் புதைக்க விரும்பும் குடும்பத்தாரிடம், குழி ஆழமாக இருக்கவேண்டும், நாய் நரி தோண்டாதபடி மேலே கல் பரப்பவேண்டும், முடியாவிட்டால் எரித்துவிடுவதே நல்லது என்று சொல்லிவிட்டே மருத்துவர் தம் பையை மூடுகிறார்.